பெட்டி வராத நாளில் வகுப்பு

டீச்சர் இருந்தார், மேசைக்குப் பின்னால், வழக்கமான கதிரையில்.

வீட்டுக்காரர் இருந்தார். ஹெந்தளையிலிருந்து காரில் வந்திருந்தார்.

அவருடைய மருமகன் இருந்தார். கையில் அளவு நாடா. மாமா கதைக்கும்போதே அவர் சுவரை அளந்துகொண்டிருந்தார்.

இடியப்பம் அவித்து விற்கும் அக்கா இருந்தார். அவருடைய மகன் அங்கே படித்தான்.

ஓட்டோ ஓடுகிற தகப்பன் ஒருவர் இருந்தார். அவருடைய மகளும் அங்கேதான்.

நான் இருந்தேன், வேலை உடுப்போடு.

பிள்ளைகள் மாடிப்படியில் இருந்தார்கள். என் மகள் எல்லாருக்கும் கீழே, கடைசிப் படியில், முகத்தை வீதிப் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தாள்.

வீட்டுக்காரர் சொன்னார்.

"வீட்டைக் குடுத்தாச்சு. வாங்கினவங்க உடைச்சு அபார்ட்மென்ட் கட்டப் போறாங்க. மாசக் கடைசிக்குள்ள ஒழிச்சுத் தரணும். மனசுல வச்சுக்காதீங்க டீச்சர்."

இடியப்ப அக்காதான் கேட்டார்.

"இவ்வளவு நாளும் விக்காம வச்சிருந்தீங்களே. இப்ப என்ன வந்தது?"

"இவ்வளவு நாளும் ஆரு கேட்டது? கூரை ஒழுகுது, சுவர் ஊறுது. இப்பதானே பார்க்கிற மாதிரி இருக்குது" என்றார் அவர். நல்ல மனிதர்தான். பொய் சொல்லத் தெரியாதவர்.

ஓட்டோக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சுவருக்குப் பெயின்ற் அடித்தது நாங்கள்.

கொட்டாஞ்சேனையில் கோயிலுக்குப் பின்பக்க ஒழுங்கையில் இருந்த பழைய வீடு அது. மேல்மாடிதான் பள்ளிக்கூடம். ஒரு மண்டபம், இரண்டு அறை. பெயர்ப் பலகை கிடையாது. மணி கிடையாது. சீருடை கிடையாது. மற்றப் பள்ளிக்கூடங்கள் வேண்டாம் என்று விட்ட பிள்ளைகள்தான் அங்கே வந்தார்கள். ஒருவன் மாஸ்டருக்குக் கை ஓங்கியவன். ஒருத்தி ஒரு வருடம் உடுப்புக் கடையில் நின்றுவிட்டு வந்தவள். ஒருவனுக்குப் பதினான்கு வயது வரைக்கும் வாசிக்க வராது. டீச்சர் அவர்களைப் படிப்பித்து, தனியார் பரீட்சார்த்தியாக ஓ லெவல் சோதனைக்கு அனுப்புவார். பாஸ் பண்ணினவர்களும் உண்டு, பண்ணாதவர்களும் உண்டு. பண்ணாதவர்கள் திரும்ப வருவார்கள். வாசலில் யாரும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை.

டீச்சர் வெள்ளவத்தையில் இருந்து பஸ்ஸில் வருவார். சொந்த ஊர் யாழ்ப்பாணப் பக்கம். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, விட்டுவிட்டு வந்தவர். ஏன் விட்டார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

நான் ஏழாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். ஹாபரில் வேலை. கப்பலில் துரு சுரண்டி, கழுவி, பெயின்ற் அடிக்கிற வேலை. மனைவி இறந்து அப்போது இரண்டு வருடம். நெஞ்சு நோகுது என்றார், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்தது. அதற்குப் பிறகு மகள் பள்ளிக்கூடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடம் போவாள். வாங்கில் இருப்பாள். சோதனைத் தாள் கொடுத்தால் பெயரை எழுதுவாள். மிச்சம் வெள்ளையாகத் திருப்பிக் கொடுப்பாள். கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை. சண்டை இல்லை. வெறும் வெள்ளைத் தாள். மூன்று தவணை அப்படியே போனது. பிறகு அதிபர் என்னைக் கூப்பிட்டு, வேறு இடம் பாருங்கள் என்றார்.

இந்த வேறு இடத்தைக் காட்டியது ஓட்டோக்காரர்.

முதல் கிழமை டீச்சர் ஒரு தாள் கொடுத்தார். மகள் வெள்ளையாகத் திருப்பிக் கொடுத்தாள். டீச்சர் சிவப்புப் பேனையை எடுத்து, தாளை மேலிருந்து கீழே வரைக்கும் ஒழுங்காகப் பார்த்திருக்கிறார். பக்கத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்திருக்கிறார். பிறகு திருப்பிக் கொடுத்துச் சொன்னாராம்:

"எழுதினதில பிழை ஒண்டும் இல்லை."

மகள் அன்று இரவுச் சாப்பாட்டில் இதை எனக்குச் சொன்னாள். சிரிக்கவில்லை, ஆனாலும் சொன்னாள். அவள் தானாக ஒரு விஷயம் சொல்லிக் கனகாலம். அடுத்த கிழமை ஒரு வரி எழுதினாளாம். அதற்கடுத்த கிழமை அரைப் பக்கம்.

அதனால்தான் எனக்கு அந்த வீடு முக்கியம். எனக்கு வேறு கணக்கு இல்லை. அவள் சோதனை எழுத வேண்டும். பாஸ் பண்ண வேண்டும் என்று கூட நான் நினைக்கவில்லை. தாளை வெள்ளையாகக் கொடுக்காமல் எழுத வேண்டும்.

வீடு மழைக்கு ஒழுகியது. வாடகை குறைவு என்பதால் வீட்டுக்காரரிடம் கேட்க டீச்சருக்குச் சங்கடம். வீடு இடிந்துபோகிறது என்று அவர் எங்களை எழுப்பிவிடுவாரோ என்று எங்களுக்குப் பயம். அதனால் தகப்பன்மார் கூடிப் பேசினோம். வீட்டை நன்றாக வைத்திருந்தால் மனுஷன் சந்தோஷப்படுவார், எங்களை விட்டுவைப்பார் என்று முடிவு செய்தோம். எல்லாருக்கும் சரி என்றுதான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து போவோம். ஓட்டோக்காரர் ஓடு மாற்றினார். இன்னொருவர் பைப் வேலை. நானும் என்னோடு ஹாபரில் நிற்கும் இருவரும் சுவரைச் சுரண்டினோம். கப்பலைச் சுரண்டுகிற மாதிரியே சுரண்டினோம், எங்களுக்கு வேறு மாதிரித் தெரியாது. ஊறல் எல்லாம் போய் செங்கல் தெரிந்தது. பூசி, காயவைத்து, இரண்டு கை பெயின்ற் அடித்தோம். யன்னல் கம்பிகளுக்குக் கப்பலுக்கு அடிக்கிற சிவப்பு. உப்புக் காற்றுக்கு அதுதான் நிற்கும். பிள்ளைகள் தண்ணீர் தூக்கினார்கள். இடியப்ப அக்கா சம்பலும் சொதியும் கொண்டுவந்தார். மகள் படிக்கட்டுக் கைபிடிக்கு மண்தாள் போட்டுத் தேய்த்தாள், ஒவ்வொரு கம்பியாக.

முடிந்த அன்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் கீழேயும் மேலேயும் நடந்து பார்த்தார். கண் கலங்கினார். போனில் படம் எடுத்தார். அந்தப் படத்தைத்தான் அனுப்பி விற்றார்.

அவர் காரில் ஏறிப் போன பிறகு டீச்சர் எங்களைப் பார்த்தார்.

"நல்ல வேலை செய்திருக்கிறியள்" என்றார். "ஒரு ஓட்டை மட்டும் விட்டிருக்கலாம்."

முதலில் சிரித்தது ஓட்டோக்காரர். பிறகு எல்லாரும் சிரித்தோம். வேறு என்ன செய்வது.

அந்த மாதம் முழுக்க இடம் தேடினோம். கோயில் மண்டபத்தில் ரியூசன் வகுப்புகள் நிரம்பி வழிந்தன. சனசமூக நிலையத்தில் ஒரு அறை கேட்டோம். பொறுப்பானவர் சிங்களத்தில் "பலமு மல்லி, பலமு" என்றார். பார்ப்போம் தம்பி என்று அர்த்தம். பார்க்கவில்லை. வாடகைக்குக் கேட்ட இடமெல்லாம் எங்களுக்கு எட்டாத இடம். டீச்சர் தன் வீட்டிலேயே வைக்கிறேன் என்றார். வெள்ளவத்தை பஸ்ஸில் தொலைவில்லை. ஆனால் இந்தப் பிள்ளைகளுக்குக் கொட்டாஞ்சேனையைத் தாண்டி ஒரு இடத்துக்குப் போவது வேறு நாட்டுக்குப் போகிற மாதிரி. முதல் நாள் பாதிப் பேர் போனார்கள். மூன்றாம் நாள் என் மகளும் இன்னொருத்தியும் மட்டும். டீச்சர் எனக்குப் போன் எடுத்தார்.

"அண்ணை, இப்பிடியே விட்டால் எல்லாம் திரும்பக் கடையில போய் நிக்குங்கள்" என்றார்.

மலர்ச்சாலையைச் சொன்னது ஓட்டோக்காரர். அவர் அங்கே மலர்வளையம் ஏற்றி இறக்குகிறவர். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் மாடி வீடு. படி ஒடுக்கம். பெட்டி ஏறாது. ஆள் இறந்தால் மலர்ச்சாலையில்தான் வைப்போம், சனமும் அங்கேதான் வரும். அந்த மலர்ச்சாலையில் ஒரு பெரிய மண்டபம், பக்கத்தில் ஒரு சின்ன மண்டபம். சின்ன மண்டபம் பாதி நாள் சும்மா கிடக்கும்.

முதலாளி ஒரு பருத்த மனிதர். எப்போதும் வெள்ளை உடுப்பு. டீச்சர் கேட்டதும் அவர் கனநேரம் யோசிக்கவில்லை.

"சும்மாதான் கிடக்குது. படிங்க. ஆனா ஆள் வந்தா எழும்பணும். அதுல கோவிக்கக் கூடாது. நான் ஆளைப் பிறகு வாங்கன்னு சொல்ல ஏலாது."

"வாடகை?" என்றார் டீச்சர்.

"கரண்ட் காசு பார்த்துப் போடுங்க. எனக்கும் பகல்ல கொஞ்சம் உயிருள்ள ஆக்களைப் பார்த்த மாதிரி இருக்கும்."

அப்படித்தான் தொடங்கியது. சொன்னால் நம்ப மாட்டார்கள், எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கிடைத்த நல்ல இடம் அதுதான். கதிரைகள் எல்லாம் ஒரே மாதிரி, ஒன்றும் ஆடாது. ஃபேன் சத்தமில்லாமல் சுற்றும். கழிவறை சுத்தம். கரண்ட் போனால் ஜெனரேட்டர். வெள்ளைத் திரை தொங்குகிற சுவரில் டீச்சர் பலகையைச் சாத்தி வைத்தார்.

ஒவ்வொரு நாளும் காலையில் முதலாளி டீச்சருக்கு வட்ஸ்அப்பில் ஒரு சொல் அனுப்புவார். "இருக்கு" என்றால் பெட்டி இருக்கு, வகுப்பு இல்லை. "இல்ல" என்றால் வகுப்பு. டீச்சர் அதை அப்படியே பெற்றோருக்கு அனுப்புவார். கொஞ்ச நாளில் எங்கள் வீடுகளில் விடிந்ததும் முதல் கேள்வி அதுதான்.

"இண்டைக்கி ஆள் இருக்கா?"

"இல்ல."

"சே."

அந்தச் சே சொன்னது இடியப்ப அக்காவின் மகன். அவன்தான் முன்பு மாஸ்டருக்குக் கை ஓங்கியவன். பதினேழு வயது. வாய் நிற்காது. அவனுடைய தாய்க்கு இந்த இடம் பிடிக்கவில்லை. நாங்கள் கத்தோலிக்கர், அவர்கள் சைவம். செத்தவீட்டுக்குப் போனால் துடக்கு, தலையில் தண்ணீர் வார்க்காமல் வீட்டுக்குள் ஏறக் கூடாது. அதனால் ஒவ்வொரு நாளும் வகுப்பு முடிந்து போனதும் வாசலில் வாளியோடு நின்று, அவனை முழுக வார்த்துத்தான் உள்ளே எடுப்பார்.

"டீச்சர், எங்கட அம்மாவுக்கு விளங்கப்படுத்துங்க. பெட்டி இல்லாத நாள்ல என்ன துடக்கு? வெறும் கணக்குதானே."

"நானும் வீட்டை போய் முழுகிறனான்தான்" என்றார் டீச்சர்.

"நீங்களுமா?"

"ஓம். உன்ர கணக்கைப் பார்த்த துடக்குப் போக வேணுமெல்லே."

அந்தச் சிரிப்பு வீதி வரைக்கும் கேட்டது. பக்கத்துப் பெரிய மண்டபத்தில் யாரும் இல்லாத நாள், நல்லவேளை.

என் மகள் உள்ளே வரவில்லை.

முதல் நாள் அவளை நான்தான் கூட்டிப்போனேன். வாசல் வரைக்கும் வந்தாள். சின்ன மண்டபத்தைப் பார்த்தாள். நின்றாள். அவளுடைய அம்மாவை வைத்தது அந்த மண்டபத்தில். இரண்டு நாள். தலைமாடு வெள்ளைத் திரைப் பக்கம், இப்போது பலகை சாத்தியிருக்கிற இடம். எனக்கு அது தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனால் இடம் கிடைத்த நேரத்தில் வேறு இடம் இல்லை.

"ஏலாது அப்பா" என்றாள்.

"சரி" என்றேன்.

டீச்சரிடம் சொன்னேன், இன்ன மாதிரி என்று. அவர் தானே ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வெளி விறாந்தைக்கு வந்தார். கதவுக்கு நேரே வைத்தார்.

"இதில இரு. கதவு திறந்துதான் கிடக்கும். பலகை தெரியுதோ?"

"தெரியுது."

"கேக்குதோ?"

"கேக்குது."

"பிறகென்ன."

அவள் அங்கேதான் இருந்தாள். இறந்தவர் பெயரை எழுதி வைக்கிற கறுப்புப் பலகை ஒன்று அந்த விறாந்தைச் சுவரில் இருக்கும். அதற்கு நேர் கீழே அவள் கதிரை. பெயர் எழுதாத பலகை, கீழே புத்தகத்தோடு ஒரு பெண்பிள்ளை. வீதியில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள்.

"யாரு தவறினது, மகள்?"

"இன்னும் யாரும் இல்ல" என்பாள்.

இதை எனக்குச் சொன்னது முதலாளி. சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஆனால் மாதங்கள் போயின. அவள் விறாந்தையை விட்டு ஒரு அடி உள்ளே வைக்கவில்லை. மழை பெய்தது. சாரல் அடித்தது. குடையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள், கொப்பி நனையாமல் மடியில் பொத்திக்கொண்டு. மற்றப் பிள்ளைகள் கூப்பிட்டுப் பார்த்தார்கள். இடியப்ப அக்காவின் மகன் கதிரையோடு தூக்கிக்கொண்டு வரவா என்று கேட்டான். அவள் பார்த்த பார்வையில் திரும்பிப் போய்விட்டான்.

சோதனைக்கு ஆறு கிழமை இருக்கும்போது டீச்சர் என்னை வரச் சொன்னார்.

"அண்ணை, பிள்ளை நல்லாச் செய்யுறாள். ஆனால் நான் மாதிரிச் சோதினை வைச்சனான். வெளியில இருந்து எழுதினாள், முழுக்க எழுதினாள். போன கிழமை கோயில் மண்டபத்தை ஒரு மணித்தியாலம் கேட்டு வாங்கி, எல்லாரையும் உள்ள இருத்தி, கதவைச் சாத்தி வைச்சனான். பெயரை மட்டும் எழுதிப்போட்டுத் தந்தாள்."

நான் விறாந்தையில் இருந்த கதிரையைப் பார்த்தேன்.

"சோதினை மண்டபத்தில கதவைச் சாத்துவினம்" என்றார். "விறாந்தையில கதிரை போடமாட்டினம்."

"தெரியும் டீச்சர்."

"நீங்கள் கதைச்சுப் பாருங்கோவன்."

அன்று வீட்டில் சாப்பிடும்போது கதைக்க நினைத்தேன். "மீன் காணுமா, இன்னும் போடவா?" என்று கேட்டேன். "காணும்" என்றாள். அவ்வளவுதான் கதைத்தோம்.

அதற்குப் பிறகு ஒரு புதன்கிழமை. கப்பல் வரவில்லை, எனக்கு வேலை இல்லை. மகளுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டு மலர்ச்சாலைக்குப் போனேன். பெரிய மண்டபத்தில் பெரிய மரணம். வீதி முழுக்கக் கார். சின்ன மண்டபத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது, காலையில் "இல்ல" என்றுதான் முதலாளி அனுப்பியிருந்தார்.

நான் போய்ச் சேர்ந்த நேரம் முதலாளி வேகமாக வந்தார்.

"டீச்சர், கோவிக்காதீங்க. ஒரு ஆள் வருது. பெரியாஸ்பத்திரியில இருந்து. பின்னேரம் நாலு மணிக்கு எடுத்துருவோம்."

"பரவாயில்லை" என்றார் டீச்சர். "ஆர் ஆக்கள்?"

"ஆக்கள் இல்ல. தனி ஆள். பழைய சாமான் வாங்கி விக்கிறவரு. அறை வாடகைக்குக் குடுத்தவரு மட்டும்தான் கையெழுத்துப் போட்டாரு. அவரும் கடை திறக்கப் போயிட்டாரு."

பிள்ளைகள் எழும்பிக் கதிரைகளை ஒதுக்கினார்கள். பழகிய வேலை. பலகையைத் தூக்கி விறாந்தைக்குக் கொண்டுவந்தார்கள். பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். சாதாரணப் பெட்டி. முதலாளி தானே மெழுகுதிரி இரண்டைப் பற்றவைத்து, குருசைச் சரியாக்கி, வெளிக் கறுப்புப் பலகையில் பெயரை எழுதிவிட்டு, பெரிய மண்டபத்துக்கு ஓடினார். அங்கே அவருக்கு வேலை தலைக்கு மேல்.

நாங்கள் எல்லாரும் விறாந்தையில். உள்ளே பெட்டி மட்டும். ஒதுக்கிய கதிரைகள் சுவரோடு. மின்விசிறி சுற்றியது.

எங்கள் பக்கத்தில் பிரேதத்தைத் தனியாக விடுவதில்லை. எவ்வளவு இல்லாதவர்களாக இருந்தாலும் ஒருவர் பக்கத்தில் இருப்பார். தேத்தண்ணி குடிக்கப் போனால் கூட இன்னொருவரை இருத்திவிட்டுத்தான் போவார். அதனால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. உள்ளேயும் போகவில்லை.

"ஒருத்தரும் இல்லயே" என்றான் இடியப்ப அக்காவின் மகன். வழக்கமான குரல் இல்லை.

டீச்சர் உள்ளே போகத் திரும்பினார். அதற்குள் என் மகள் எழும்பிவிட்டாள்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. தான் இருந்த கதிரையைத் தூக்கினாள். இரண்டு கையாலும் முன்னால் பிடித்துக்கொண்டு கதவைத் தாண்டிப் போனாள். தலைமாட்டுப் பக்கம், திரைக்குக் கிட்ட, கதிரையை வைத்தாள். இருந்தாள். மடியில் விஞ்ஞானப் புத்தகம்.

நான் கையில் சாப்பாட்டுப் பார்சலோடு நின்றேன்.

பிறகு ஓட்டோக்காரரின் மகள் போனாள். பிறகு மற்றவர்கள், ஒவ்வொருவராகக் கதிரையை இழுத்துக்கொண்டு. இடியப்ப அக்காவின் மகன் வாசலில் கொஞ்சம் நின்றான்.

"இண்டைக்கி ரெண்டு வாளி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

டீச்சரும் நானும் பின்வரிசையில் இருந்தோம். கொஞ்ச நேரத்தில் முதலாளி எட்டிப் பார்த்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்.

"ஏன் சும்மா இருக்கிறீங்க? படிங்க. பேச்சுச் சத்தம் இருந்தா நல்லம்தானே."

டீச்சர் யோசித்தார். பிறகு எழும்பி, பலகை இல்லாமலேயே, மெதுவான குரலில் இதயம் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார். எத்தனை அறை, எந்த அறையிலிருந்து எந்த அறைக்கு இரத்தம் போகிறது. பிள்ளைகளும் மெதுவாகத்தான் பதில் சொன்னார்கள். பூசையில் சொல்கிற மாதிரி இருந்தது. மகள் இரண்டு தரம் பதில் சொன்னாள். அந்த மண்டபத்தில் அவள் குரலைக் கேட்டேன். தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி எழும்பி வெளியே போய், கொஞ்ச நேரம் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன்.

மத்தியானத்துக்குப் பிறகு பெரிய மண்டபத்துக்கு வந்த சனம் இந்தப் பக்கமும் எட்டிப் பார்க்கத் தொடங்கியது. இவ்வளவு இளம் பிள்ளைகள் சுற்றி இருக்கிறார்களே, யாரோ நல்ல குடும்பத்து மனிதர் என்று நினைத்திருக்க வேண்டும். ஒருவர் வந்தார். பிறகு இருவர். பிறகு வரிசையாக வந்து பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார்கள். பெரிய மண்டபத்துக்கு வந்த மலர்வளையம் ஒன்று பிழையாக இந்தப் பக்கம் வந்தது. முதலாளி பார்த்தார். எடுக்கவில்லை.

கறுப்புச் சேலை உடுத்திய ஒரு பெண்மணி நேரே என் மகளிடம் வந்தார். தலைமாட்டில் இருக்கிறவள்தானே நெருங்கின சொந்தம். அவளுடைய இரண்டு கையையும் பிடித்தார்.

"அப்பப்பாவா, மகள்?"

மகள் அவரைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள்.

"ஓம்" என்றாள்.

"கனநாள் வருத்தமா?"

"இல்ல. சட்டெண்டு."

"அது நல்ல சாவு, மகள். அழாத."

மகள் அழவில்லை. அந்தப் பெண்மணிதான் அழுதார். மகள் அவர் கையை விடாமல் வைத்திருந்தாள்.

நாலு மணிக்குப் பெட்டியை எடுத்தார்கள். தூக்க ஆள் காணாது. நானும் இடியப்ப அக்காவின் மகனும் இன்னும் நாலு பிள்ளைகளும் தூக்கினோம். வாகனம் போன பிறகு மகள் என்னிடம் வந்தாள்.

"சாப்பாடு எங்க?"

பார்சல் ஆறிப் போயிருந்தது. அந்த மண்டபத்துக்குள்ளேயே இருந்து சாப்பிட்டாள். எனக்கும் ஒரு வாய் தந்தாள்.

அடுத்த நாள் காலையில் "இல்ல" என்று செய்தி வந்தது. மகள் போனாள். விறாந்தையில் கதிரை இல்லை என்று முதலாளி போன் பண்ணிச் சொன்னார். அதற்கு மட்டும் போன் எடுத்திருக்கிறார்.

பழைய வீட்டை இப்போது உடைத்துவிட்டார்கள். வேலைக்குப் போகும்போது அந்த ஒழுங்கையால்தான் போகிறேன். தகரம் அடித்து மறைத்திருக்கிறார்கள். இடுக்கால் பார்த்தால் பெரிய கிடங்கு தெரியும். யன்னல் கம்பிகளைப் பழைய இரும்புக்குக் கொடுத்திருப்பார்கள். முதல் நாள் அந்த இடுக்கில் நின்று பார்த்து வேலைக்குப் பிந்திவிட்டேன். இப்போது பழகிவிட்டது. மலர்ச்சாலை மேல்மாடியில் வெறும் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்த அறையை முதலாளி பாதி ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அது கிடைத்தால் பெட்டி வருகிற நாளிலும் வகுப்பு நடக்கும். ஓட்டோக்காரர் சுவரைப் பார்த்துவிட்டு வந்தார். ஊறல் இருக்குதாம்.

"சுரண்டுவமா?" என்று என்னிடம் கேட்டார்.

"முதல்ல முதலாளியிட்டக் கேளுங்க, விக்கிற யோசினை இருக்கான்னு" என்றேன்.

கேட்டாராம். "இந்தத் தொழிலை ஆரு விப்பான்?" என்றாராம் முதலாளி. அப்படியென்றால் சரி. அடுத்த ஞாயிறு போகிறோம். புதிதாகப் பிள்ளைகளும் வந்து டீச்சரைக் கேட்டுப் போகிறார்கள். நுகேகொடைப் பக்கத்திலிருந்து கூட ஒரு தாய் வந்தார். மகனைக் கூட்டிக்கொண்டு வந்து, வாசலில் மலர்ச்சாலைப் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய், பிறகு மனம் மாறித் திரும்ப வந்தார்.

சோதனை தொடங்கிய பிறகு ஒவ்வொரு நாளும் மகளோடு நான் போகவில்லை. வேலை. விஞ்ஞானம் அன்று மட்டும் லீவு போட்டேன். மண்டபம் வேறு ஒரு பள்ளிக்கூடத்தில். அனுமதி அட்டை, அடையாள அட்டை, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் அவளே பார்த்து எடுத்தாள். கேற்றில் இடியப்ப அக்காவின் மகன் நின்றான். தலை ஈரம்.

"இண்டைக்கி ஏன்டா முழுகின?" என்று ஓட்டோக்காரரின் மகள் கேட்டாள்.

"அம்மா விடமாட்டா. இப்ப பழக்கமாப் போச்சு."

டீச்சர் பஸ்ஸால் இறங்கி வந்தார். யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை. ஒவ்வொருவருடைய பேனையையும் வாங்கித் தன் உள்ளங்கையில் கீறிப் பார்த்து, எழுதுதா என்று பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். பிள்ளைகள் உள்ளே போனார்கள். மகள் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு மண்டபக் கதவைச் சாத்தினார்கள். கேற்றில் நின்ற எனக்கு அந்தச் சத்தம் கேட்டது.

பெற்றோர் எல்லாரும் மதிலோரம் நிழலில் நின்றார்கள். நான் வெயிலில் நின்றேன். அங்கிருந்துதான் கதவு தெரியும். டீச்சர் ஒரு பிளேன்ரீ வாங்கி வந்து என் கையில் தந்தார். குடித்தேன். சீனி போட மறந்துவிட்டார்கள். டீச்சரின் கையிலும் அதே தேத்தண்ணி. அவரும் குடித்து முடித்தார்.

முதல் தாள் முடிந்து இடைவேளைக்கு விட்டார்கள். மகள் மற்றப் பிள்ளைகளுக்குப் பின்னால் வந்தாள். முகத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் முகம் எப்போதும் அப்படித்தான், என்னைப் போல.

தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடித்தாள். மூடியைப் பூட்டினாள். நான் பொறுத்துக்கொண்டு நின்றேன். பிறகு கேட்டேன்.

"எத்தனை கேள்வி எழுதின?"

"நாப்பது."

"இருந்தது எத்தனை?"

"நாப்பது."